ரேணுகாவின் புள்ளிப் பெட்டி

ரேணுகாவிடம் எந்தப் பொருளையும் சும்மா கொடுத்துவிட முடியாது. ஒரு டார்ச் லைட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால்கூட, அதன் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து, பேட்டரி எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் திருப்பித் தருவாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு டார்ச் லைட்டில் என்ன வேலை என்று நாம் கேட்கலாம். அவளைக் கேட்டால், வேலை இருக்கிற பொருளை மட்டும்தான் தொட்டுப் பார்க்க வேண்டுமா, அது ஏன் என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். மரக்காணத்துக்கு வாக்கப்பட்டு வந்த முதல் மாதமே மிக்ஸியைக் கழற்றிப் போட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அதன் பிறகு அந்த மிக்ஸி முன்னைவிட நன்றாகவே அரைத்தது. மாமியார் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் பாவாடை இதற்கு நேர்மாறு. பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இந்தப் பக்கத்தில் அது சாமி பேர், ஆம்பளைகளுக்கு வைக்கிற பேர். உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தில் கிடப்பவன் உரக்கப் பேசிப் பழகியிருப்பான் என்றுதானே நினைப்போம். அப்படியெல்லாம் இல்லை. வாய்க்குள்ளேயே பேசுவான், அதுவும் அளந்துதான் பேசுவான். ரேணுகா எதற்காவது "ஏன்?" என்றால், "அது அப்படித்தான்" என்பான். இருபது வருஷத்துக் குடித்தனத்தில் அவள் கேட்டதும் அதுதான், அவன் சொன்னதும் இதுதான்.

உப்பளத்தில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. காற்றே உப்பு. தை மாதம் வாங்கிய பூட்டு ஆடியில் திறக்காது. அதனால் புரட்டாசி கடைசியில், மழைக்கு முன்னால் அளத்தை மூடும்போது, இன்ஜினிலிருந்து கொட்டகைக் கதவின் கீல் வரைக்கும் கிரீஸ் அப்பி, பிளாஸ்டிக்கும் சாக்கும் சுற்றிக் கட்டிவிட வேண்டும். அடுத்த பருவத்தில் பிரித்துத் துடைத்தால் அப்படியே இருக்கும். இதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல அது பாட்டுக்கு நடக்கும். பாவாடை அளத்தை முடித்துவிட்டு மீதிக் கிரீஸ் டப்பாவோடு வீட்டுக்கு வருவான். கேட் தாழ்ப்பாள், சைக்கிள், தையல் மிஷின் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு தடவு தடவுவான். அந்தச் சில நாள் வீடே இன்ஜின் கொட்டகை மாதிரி மணக்கும். ரேணுகாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள்.

அவளுக்கு என்று ஒரு வேலை உண்டு. தினமும் விடிகாலையில் லேப்டாப்பைத் திறந்து வானிலை அறிக்கைகளை ஒன்று விடாமல் படிப்பாள். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருள் அவளுக்குப் படித்துக் காட்டும். கடல்மேல் என்ன காற்று, எங்கே மேகம் திரள்கிறது, மழை பக்கத்து மாவட்டத்தோடு நிற்குமா, இங்கேயும் வருமா என்று நாலு இடத்தில் பார்த்து ஒப்பிட்டு, உப்பளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தன் குரலில் ஒரு சேதி போடுவாள். "இன்னிக்கி காத்து தெக்கத்தியா அடிக்குது. மழ இல்ல. அள்ளலாம். நாளைக்கி சாய்ந்தரம் சந்தேகமா இருக்குது, அள்ளனத மூடி வெச்சிருங்க." அவ்வளவுதான். விளைந்த உப்பின்மேல் ஒரு மழை விழுந்தால் அத்தனையும் தண்ணீர். அதனால் அந்தக் குரல் வராமல் உப்பு வாரும் பலகையைத் தொடாதவர்கள் இருந்தார்கள். சம்பளம் கிடையாது, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. மழை ஏன் சொல்லாமல் வருகிறது என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றிய கேள்வி இப்படி வளர்ந்து நின்றது.

போன வருஷம் அவள் காது மங்கத் தொடங்கியது. முதலில் ஸ்க்ரீன் ரீடரின் குரலைத்தான் குறை சொன்னாள். வேகத்தைக் குறைத்தாள், வேறு குரலுக்கு மாற்றினாள், சத்தத்தைக் கூட்டினாள். பிறகு பாவாடை பேசுவதும் பாதிதான் காதில் விழுந்தது. அவன் எப்போதும் முணுமுணுப்பவன்தானே என்று அதையும் தள்ளிவிட்டாள். பால்காரர் கூப்பிட்டதே கேட்கவில்லை என்றபோதுதான் புதுச்சேரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார்கள். நரம்பு தேய்கிறது, மெஷின் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு கூடாது, போகப் போக அதுவும் நிற்காது என்றார் டாக்டர். ஏன் தேய்கிறது என்று ரேணுகா கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. அதைத் தெரியவில்லை என்றே சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதாள். கண் இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை, இருந்து போயிருந்தால்தானே. காது அப்படியில்லை. உலகம் முழுக்க அந்த வழியாகத்தான் அவளுக்குள் வந்துகொண்டிருந்தது. அதுவும் அடைபட்டால் வானிலையும் இல்லை, வாசிப்பும் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கிறவன் என்ன சொல்கிறான் என்பதும் இல்லை. பயந்துதான் போனாள். மாசி பிறந்ததும் குழுவில் சேதி போடுவதை நிறுத்திக்கொண்டாள். காதில் விழுந்தது சரிதானா என்ற சந்தேகத்தோடு ஊரார் உழைப்பில் விளையாட அவளுக்கு மனசு வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, விரல் இருக்கிறதே என்று நினைப்பு வந்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

"என்னாங்க, அலமாரி மேல்தட்டுல ஒரு மூட்ட இருக்கும் பாருங்க. என் புள்ளிப் பொட்டி. அத எறக்குங்க."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரேணுகா புதுச்சேரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களைப் பிரெய்ல் எழுத்தில் அச்சிடும் இடம் அது. அதை மூடும்போது, அவள் மேஜையில் இருந்த பிரெய்ல் டிஸ்ப்ளேயை அவளுக்கே கொடுத்து அனுப்பினார்கள். ஒரு முழ நீளப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகக் குட்டிக் குட்டித் துளைகள். திரையில் உள்ள எழுத்துக்கு ஏற்றபடி துளைகளிலிருந்து ஊசிமுனைப் புள்ளிகள் எழும். விரலை ஓட்டிப் படித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் புள்ளிகள் எல்லாம் விழுந்து அடுத்த வரி எழும்பும். தடி தடியான பிரெய்ல் புத்தகங்களைத் தூக்கிச் சுமந்தவளுக்கு, ஒரே முழத்தில் உலகத்துப் புத்தகமெல்லாம் ஓடியது ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இணைத்துச் சில வருஷம் வைத்திருந்தாள். உப்புக் காற்று அந்தக் கம்ப்யூட்டரைத் தின்று தீர்த்தது. பிறகு வந்த லேப்டாப்பில் இந்தப் பெட்டியின் கேபிளைச் செருக இடமே இல்லை. பேசும் மென்பொருள் இருக்கிறதே, இது எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு அதைத் துணியில் சுற்றி மூட்டை கட்டியபோது, செத்துப் போனதைக் கட்டுவதுபோல் அழுதாள். பாவாடை பக்கத்தில் நின்று, "வுடு" என்றான்.

அந்த மூட்டைதான் இப்போது இறங்கியது. பிரித்தபோது ரேணுகாவுக்கு முதல் ஆச்சரியம். அவள் சுற்றியது ஒரு பழைய சேலையை மட்டும்தான். இப்போது அதற்குமேல் பிளாஸ்டிக் இருந்தது, பிளாஸ்டிக்குக்கு மேல் சாக்கு. பெட்டியின்மேல் தூசியே இல்லை. சரி, அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது செய்திருப்பான் என்று அதை அப்போதைக்கு விட்டுவிட்டாள். மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தியதும் உள்ளங்கைக்குக் கீழே டிர்ர் என்று அத்தனை புள்ளிகளும் எழுந்து நின்றன. கடைசி இரண்டு கட்டம் மட்டும் அசையவில்லை. மற்றதெல்லாம் எழுந்து, விழுந்து, பிறகு பெட்டி தன் பெயரைத் தானே எழுதிக் காட்டியது. ரேணுகா சத்தமாகச் சிரித்தாள். "உயிரோட இருக்குது பாருங்க."

உயிரோடு இருந்தது, ஆனால் லேப்டாப்போடு பேச வழி இல்லை. பெட்டியின் பின்னால் ஒன்பது ஓட்டை, கேபிளின் ஒரு முனையில் ஒன்பது ஊசி, மறுமுனையில் மறுபடியும் ஓட்டை. லேப்டாப்பின் விலாவில் இருந்ததோ யூஎஸ்பி என்கிற தட்டையான பொந்து. யானைக்கும் எலிக்கும் சம்பந்தம் பேசுகிற கதை. அவள் கூடப் படித்த அறிவழகனுக்கு மின்னஞ்சல் எழுதினாள். அவனுக்கும் பார்வை கிடையாது. ஊர் கிளியனூர், வேலை திண்டிவனத்தில் ஒரு வங்கியில். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் அளவுக்கே மூக்கை நுழைப்பவன்.

அவன் பதிலில், ரெண்டையும் சேர்க்க ஒரு மாற்றி கடையில் கிடைக்கும், யூஎஸ்பியிலிருந்து ஒன்பது ஊசிக்குப் போவது, அதை உன் வீட்டுக்காரரை வாங்கச் சொல் என்று எழுதியிருந்தான். இன்னொன்றும் எழுதியிருந்தான். "ஸ்க்ரீன் ரீடர் தானா கண்டுபிடிக்கும்னு நம்பி உக்காந்திருக்காதே. அது புதுசா வந்த டிஸ்ப்ளேவை மட்டும்தான் தானா தேடும். நம்மளோடது கிழடு. அமைப்புகளுக்குள்ள போய், பட்டியல்ல இதோட பேரை நீயே தேர்ந்தெடுத்து, எந்த வாசல்ல, அதான் போர்ட்டுல, நிக்குதுன்னும் நீயே சொல்லணும்."

பாவாடை அளத்துக்கு லீவு சொல்லிவிட்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினான். கடைக்காரர் முதலில் கொடுத்தது ஊசி இல்லாத ஒன்று. அவன் கேபிளையும் கையோடு கொண்டுபோயிருந்ததால், அங்கேயே செருகிப் பார்த்து மாற்றி வாங்கி வந்தான். ரேணுகா சத்தத்தை முழுக்க ஏற்றி, காதை லேப்டாப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அறிவழகன் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தாள். பட்டியல், பெயர், வாசல், சரி. ஸ்க்ரீன் ரீடர் அந்த டிஸ்ப்ளேயை ஏற்ற முடியவில்லை என்றது. அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது, கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அறிவழகன் கிளியனூரிலிருந்து கிளம்பி, பஸ் மாறி வந்து இறங்கினான். பாவாடை நிறுத்தத்துக்குப் போய்க் கூட்டிவந்தான். வந்தவன் செருப்பைக் கழற்றியதும் ரேணுகாவின் இடது காதுப் பக்கம் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மொதல்ல நோயாளியக் காட்டு" என்றான்.

"எதுக்குக் கத்தற? அந்தக் காது இன்னும் கொஞ்சம் இருக்குது."

"பேங்குல மூணு வருசமா கஸ்டமர்கிட்ட கத்திக் கத்தி இப்டி ஆயிட்டேன். வுடு."

இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் பெட்டி, லேப்டாப், கேபிள். பாவாடை டீ போட்டுவிட்டு அடுப்படி நிலைப்படியில் நின்றான். முதலில் வாசல் எண்ணை மாற்றிப் பார்த்தார்கள். அடுத்த பொந்தில் செருகிப் பார்த்தார்கள். மாற்றிக்கு உரிய மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினார்கள். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

"இப்டியே போனா சாய்ந்தரம் வரிக்கும் இதேதான் சொல்லும்" என்றாள் ரேணுகா. "பொட்டிக்கு உசிரு இருக்குது. லேப்டாப்புக்கும் இருக்குது. நடுவுலதான் எங்கயோ வழி அடச்சிருக்குது. எந்த எடத்துலன்னு பாக்கணும்."

"அதுக்கு ஒரு வித்த இருக்குது. மாத்தியோட ஊசில ரெண்டாவதும் மூணாவதும் சேத்துட்டா, நாம அனுப்பற எழுத்து நம்மகிட்டயே திரும்பி வரும். வந்தா அது வரிக்கும் வழி சரி."

"ஏன் ரெண்டும் மூணும்?"

"ஒண்ணு பேசறது, ஒண்ணு கேக்கறது. வாயையும் காதையும் சேத்துக் கட்டிட்டா, அது தன்கிட்டயே பேசிக்கும்."

இந்தப் பதில் ரேணுகாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். விரல் நுனியால் ஊசிகளை எண்ணி, இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் சேரும்படி பிடித்துக்கொண்டாள். அறிவழகன் லேப்டாப்பில் "அ" என்று தட்டினான். "அ" என்று திரும்பி வந்தது. "உப்பு" என்று தட்டினான். உப்பும் திரும்பி வந்தது. மாற்றி சரி. அடுத்தது கேபிள். அதை மாற்றியில் செருகிவிட்டு, பெட்டிப் பக்கத்து முனையைக் கையில் எடுத்து, அதிலும் ஹேர்பின்னை வைத்தாள். பின் நிற்கவில்லை, வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடியும் வழுக்கியது.

ஊசிகளைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிசுக்கென்று ஏதோ ஒட்டியது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கிரீஸு" என்றாள்.

"கிரீஸா? கேபிள்லயா?"

"கேபிள்ல ஏது. பொட்டி வாய்ல செருகி எடுத்தமே, அதுலேர்ந்து வந்திருக்குது."

ஊசிகளைத் துடைத்துவிட்டுச் சோதித்தால் கேபிளும் சரியாகவே இருந்தது. ஆக, அடைப்பு பெட்டியின் வாயில். ரேணுகா தையல் ஊசியின் பின்பக்கத்தை அந்த ஒன்பது ஓட்டைகளில் ஒன்றுக்குள் விட்டாள். மெழுகு மாதிரி இறுகிப்போன ஒன்று சுருண்டு வெளியே வந்தது. உப்புத் தூளும் கிரீஸும் சேர்ந்து வருஷக் கணக்கில் காய்ந்து கல்லாகியிருந்தது. கேபிளின் ஊசி உள்ளே போனாலும் உலோகத்தோடு உலோகம் படாமல், இந்தச் சட்டைக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அறிவழகன் விழுந்து விழுந்து சிரித்தான். "நானும் எத்தினியோ டிஸ்ப்ளே பாத்துட்டேன். எவன் போய் இதுக்குள்ள கிரீஸ் போடுவான். பம்பு செட்டுன்னு நெனச்சானா?"

ரேணுகா சிரிக்கவில்லை. அந்த வாடையை அவளுக்கு இருபது வருஷமாகத் தெரியும். தலையணையில் அடிக்கும், துண்டில் அடிக்கும், டீ டம்ளரின் விளிம்பில்கூட அடிக்கும். யார் கை என்பதில் சந்தேகமே இல்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தான் உயிராக வைத்திருந்த பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறான். இத்தனை நாள் காதை லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டதெல்லாம் இவனால்தானா? நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். அங்கே டம்ளர் வைக்கிற அதிர்வு தரையில் தெரிந்தது. பிறகு கேட் தாழ்ப்பாள் இழுபட்டது. பாவாடை வெளியே போய்விட்டான்.

"ஓடிட்டாரா?" என்றான் அறிவழகன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"போவட்டும்" என்றாள்.

ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் மருந்துக் கடையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சுமாகத் திரும்பி வந்து, அவள் கையில் வைத்துவிட்டு, மறுபடி நிலைப்படிக்கே போய் நின்றுகொண்டான். இன்ஜினில் காய்ந்த கிரீஸை எதைப் போட்டால் கரையும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. ரேணுகா நன்றி சொல்லவில்லை. பஞ்சை ஊசியில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்தாள். பஞ்சு மாற்றி மாற்றிப் போட்டாள். அவசரப்படவில்லை. ஒன்றை முடித்து விரலால் தடவி, வழுக்கல் போன பிறகுதான் அடுத்ததற்குப் போனாள். அறிவழகனும் ஒரு சுற்று ஊசியை விட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"ரேணுகா, இதத் தொட்டுப் பாரு. உள்ள ஒரு பொட்டுத் துரு இல்ல."

"ம்."

"எங்க வீட்ல கடல்லேர்ந்து எவ்ளோ தூரத்துல இருந்த பிரிண்டரே ஓட்டையாப் போச்சு. ஒன்னோடது உப்பளத்துப் பக்கத்துல இத்தினி வருசம் கெடந்திருக்குது. அந்தக் கிரீஸு இல்லன்னா இந்நேரம் இந்த வாயே இருந்திருக்காது. நாம என்னா தொடச்சாலும் ஒண்ணும் நடந்திருக்காது."

ரேணுகா ஊசியை நிறுத்தினாள். விரலை அந்த ஓட்டைகளின் மேல் இன்னொரு தடவை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது, இப்போதுதான் வாங்கிய புதுசு மாதிரி. கோபம் இருந்த இடத்தில் இப்போது கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவை போட்ட கிரீஸ் இத்தனை வருஷம் தாங்காது. அளத்தில் ஒவ்வொரு வருஷமும் போடுகிறார்களே. அப்படியானால்?

ஸ்பிரிட் காய்ந்ததும் கேபிளைச் செருகினார்கள். பட்டியல், பெயர், வாசல், சரி. இந்தத் தடவை ஸ்க்ரீன் ரீடர் என்ன சொன்னது என்று அவள் கேட்கவே இல்லை. விரலுக்குக் கீழே புள்ளிகள் எழுந்தன. ஆனால் படிக்க முடியாத குப்பையாக இருந்தது. அறிவழகனுக்கு அடுத்த நொடியே விஷயம் புரிந்துவிட்டது. "எழுத்து அட்டவண இங்கிலீசுல இருக்குது. தமிழுக்கு மாத்து." மாற்றினாள். எழுந்திருந்த புள்ளிகள் விழுந்து, வேறு புள்ளிகள் எழுந்தன. ரேணுகா வலது கை ஆள்காட்டி விரலை இடமிருந்து வலமாக ஓட்டினாள். வானிலை அறிக்கைப் பக்கம் திறந்திருந்தது. கடல்மேல் காற்று, அதன் வேகம், தென் மாவட்டங்களில் லேசான மழை, வட கடலோரத்தில் வறண்ட வானிலை. ஒவ்வொரு எழுத்தும் விரலுக்கு அடியில் தனித்தனியாக நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை, எதுவும் பாதியில் விழுங்கப்படவில்லை. கடைசி இரண்டு கட்டம் செத்தே கிடந்தது. அது பரவாயில்லை, வரிக்கு இரண்டு எழுத்து அடுத்த தள்ளலில் வந்துவிட்டுப் போகிறது.

அவள் அழுதாள். அறிவழகனுக்குத் தெரிந்திருக்கும். மூக்கை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டும் கேட்காதவன்போல், "மீன் கொழம்பு வாசன வருது, சாப்பாடு உண்டா இல்லையா" என்றான்.

சாப்பிட்டு முடித்து அறிவழகனை பஸ் ஏற்றிவிட்டு பாவாடை திரும்பி வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ரேணுகா உப்பளக் குழுவுக்குச் சேதி போட்டு முடித்திருந்தாள். பல வாரத்துக்குப் பிறகு முதல் சேதி. "வட கடலோரத்துல மழ இல்ல. நாளைக்கி அள்ளலாம்." அவன் கட்டிலில் உட்கார்ந்தான் என்பது கட்டில் அசைந்ததில் தெரிந்தது. அவள் பாயில் பெட்டிக்கு முன்னால் இருந்தாள்.

"கிரீஸ் போட்டது நீங்கதான்" என்றாள்.

அவன் ஏதோ சொன்னான். அவமானப்பட்டால் அவன் குரல் இன்னும் உள்ளே போய்விடும். ஒரு எழுத்துகூட அவளுக்கு எட்டவில்லை.

"கேக்கல. ஏன் போட்டீங்க? என் பொட்டிய எங்கிட்ட கேக்காம ஏன் தொட்டீங்க?"

மறுபடியும் முணுமுணுப்பு. அவள் காது மெஷினைத் திருகினாள். இரைச்சல்தான் கூடியது. "சத்தமாச் சொல்லுங்க" என்றாள். கட்டில் அசையவில்லை. சரி, வழக்கம்போல அது அப்படித்தான் என்று முடித்துக்கொள்வான் என்று நினைத்து, பெட்டியை மூடக் கை வைத்தாள். அப்போது புள்ளிகள் மாறின. லேப்டாப்பில் திறந்திருந்த வாட்ஸ்அப்பில் ஒரு சேதி. அனுப்பியது பாவாடை.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷத்தில் பாவாடை அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினாலும் மெஷின் குரல்தானே படித்துக் காட்டப் போகிறது என்று எல்லாவற்றையும் குரலாகவே அனுப்புவான், அதுவும் "வந்துட்டேன்", "லேட்டாவும்" என்ற அளவில். இப்போது எதிரே கட்டிலில் உட்கார்ந்து, போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவள் விரலை வைத்தாள்.

"நீ அழுதுகினே மூட்ட கட்ன. ஒரு நாளு திரும்ப எடுப்பன்னு தெரியும்."

அடுத்தது வர நேரம் ஆனது. அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.

"உப்புக் காத்து தின்னுடும். அதனால வருசா வருசம் இன்ஜினுக்குப் போடும்போது இதுக்கும் போட்டேன். புள்ளி மேல கை வெக்கல. வாய்ல மட்டும்தான் போட்டேன். தப்பா?"

ரேணுகா பொத்தானை அழுத்தி முதல் வரிக்குத் திரும்பிப் போனாள். மறுபடி படித்தாள். வருஷா வருஷம் புரட்டாசி கடைசியில் வீடு முழுக்க அந்த வாடை அடித்த நாட்களில், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவன் அலமாரியைத் திறந்து இந்த மூட்டையை இறக்கி, பிரித்து, துடைத்து, திரும்பக் கட்டி வைத்திருக்கிறான். அவளே கைகழுவிவிட்ட பெட்டியை. அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தப்புதான்" என்றாள். குரல் ஒழுங்காக வரவில்லை. "அடுத்த தடவ கிரீஸ் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

கட்டில் லேசாக அசைந்தது. தட்டுகிறான். அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் விரல் காத்திருந்தது. புள்ளிகள் விழுந்து எழுந்தன.

"சொன்னா ஏன்னு கேப்ப."

ரேணுகா சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்ததில் மூக்கை முந்தானையில் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்துவிட்டு விரலைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, அந்த ஒரு வரியை இன்னொரு தடவை படித்தாள்.